செவ்ரோலேயின் 400 கன அங்குல எஞ்சின் பிளாக்கில் 350 கன அங்குல எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைப் போட்டால் ஹெட்டில் நீராவித் துளை போட வேண்டுமா?

கட்டாயம் போட வேண்டும். 400 பிளாக்கின் போர் (bore, சிலிண்டரின் உள்விட்டம்) 104.8 மி.மீ.; அவ்வளவு அகலம் எடுத்ததில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் சுவர்கள் ஒட்டியே வார்க்கப்பட்டுவிட்டன. நடுவில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட இடமே இல்லை. அங்கே கிளம்பும் நீராவி மேலே போகத்தான் பிளாக்கின் மேல்தளத்தில் சின்னத் துளைகள் இருக்கின்றன. 350 ஹெட்டில் அவற்றுக்கு நேரே துளை கிடையாது. நீராவி குமிழாகத் தேங்கும். குமிழ் நிற்கும் இடத்தில் கூலண்ட் உலோகத்தைத் தொடாது. கடைசியில் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போகும், ஹெட்டிலும் விரிசல் விடலாம்.

400-க்கான கேஸ்கெட்டையே ஹெட்டின் மேல் அச்சாக வைத்துத் துளைகளின் இடத்தைக் குறியுங்கள். வைக்கும் பக்கம் மாறிவிடக் கூடாது, இதில்தான் பலர் தவறுகிறார்கள். 1/8 அங்குல டிரில் பிட் போதும். வாட்டர் ஜாக்கெட்டில் (ஹெட்டுக்குள் கூலண்ட் ஓடும் வெற்றிடம்) இறங்கியதும் பிட் சட்டென்று இலகுவாகும், அங்கேயே நிறுத்துங்கள். சில துளைகளைச் சாய்வாக இறக்க வேண்டிவரும். இரும்புத் துகளை முழுக்கக் கழுவாமல் ஹெட்டை ஏற்றாதீர்கள்.