இர்குட்ஸ்க்: ஏரிக்கு முன் ஓர் ஊர்

அன்புள்ள ஐயா,

வரும் ஜூனில் மாஸ்கோவிலிருந்து விளாதிவொஸ்தோக் வரை நானும் மனைவியும் ரயிலில் போகிறோம். பைக்கால் ஏரிக்காக இர்குட்ஸ்கில் இறங்குகிறோம். "பழைய மரவீடுகளைத் தவிர அந்த ஊரில் எதுவுமில்லை, நேரே ஏரிக்குப் போய்விடுங்கள்" என்கிறார் போய்வந்த நண்பர். தங்கள் கருத்து?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மரவீடுகளுக்காகவே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 5185 கிலோமீட்டர் ரயிலில் போய் இறங்குகிற ஊரை வெறும் பஸ் நிறுத்தமாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

ரயில் நிலையம் அங்காரா ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது, பழைய ஊர் வலக்கரையில். டிராமில் பாலத்தைக் கடக்கலாம். 1879-இல் பற்றிய பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதற்குத் தப்பியவையும் பிறகு எழுந்தவையுமாக மரவீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. ஒரு வீட்டின் முன் நெடுநேரம் நின்றேன். வீடு மண்ணுக்குள் இறங்கி, ஜன்னலின் அடிச்சட்டம் என் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. நீலச் சாயம் உரிந்த சட்டத்தைச் சுற்றிலும் சுருள் சுருளாகச் செதுக்கு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டி, அன்று காலை நீர் ஊற்றிய ஈரத்தோடு.

வோல்கோன்ஸ்கி வீட்டை அவசியம் பாருங்கள். ஊரிக் என்ற கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய வீடு அது, இப்போது அருங்காட்சியகம். 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராக எழுந்த அதிகாரிகளில் ஒருவர் செர்கேய் வோல்கோன்ஸ்கி. சைபீரியாவில் சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்ட அவரைத் தேடி மனைவி மரியா கைக்குழந்தையை உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார். அந்தக் குழந்தையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அங்குள்ள பியானோவின் முன் என்னால் அதை நினைக்காமல் நிற்க முடியவில்லை.

அவருக்கும் முன்னால் வந்தவர் யெகதெரீனா துருபெத்ஸ்கயா. அதே எழுச்சிக்காகத் தண்டிக்கப்பட்ட கணவரைக் கொண்டுபோன மறுநாளே புறப்பட்டவர். இதே இர்குட்ஸ்கில் ஆளுநர் அவரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, திரும்பிப் போகச் சொல்லி வற்புறுத்தினார். பிரபுகுல உரிமைகள் வேண்டாம், சைபீரியாவில் பிறக்கும் பிள்ளைகள் குடியானவர்களாகவே கணக்கிடப்பட்டாலும் சரி என்று கையெழுத்திட்டுவிட்டுத்தான் மேலே போனார். தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு 1856-இல் வந்தது. அவர் 1854-இலேயே இறந்துவிட்டார்.

ஸ்னாமென்ஸ்கி மடத்தின் வளாகத்தில், இறந்த பிள்ளைகளோடு அவர் கல்லறையும் இருக்கிறது. மாலையில் நடந்தே போங்கள். ஏரிக்கரையில் உள்ள லிஸ்த்வியான்கா சுமார் 70 கிலோமீட்டர்தான். மறுநாள் காலை அங்கே போகலாம்.