திருக்கைக் குடலில் இருந்த நாடாப்புழு புது இனமா?

கேள்வி: காரைக்குடி சந்தையில் வாங்கிய திருக்கையைக் கழுவும்போது குடலில் வெள்ளையாக நாடா மாதிரி புழு இருந்தது. மீனைச் சாப்பிடலாமா? இது புது இனமாக இருக்குமா?

தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் புழு திருக்கையின் குடலில் வாழப் பழகியது, குடலை எப்படியும் எறிந்துவிடுகிறோம். குழம்பில் நன்றாக வெந்த சதையில் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஒட்டுண்ணியியல் படித்தவன் என்பதால். சுறா, திருக்கை குடல்களுக்குள் ஒரு மடிப்பு சுருள் படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். அதை நீளவாக்கில் கீறி, கடல் தண்ணீர் ஊற்றிய தட்டில் விரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அங்கே வாழும் நாடாப்புழுக்களில் அக்காந்தோபோத்ரியம் என்று ஒரு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) உண்டு. பல இனங்கள் சில மில்லிமீட்டர் நீளம்தான். தலையில் நான்கு மடல்கள், மடலுக்கு ஒரு ஜோடி கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் இரண்டு கூர்முனை. அதைக் குடல் சுவரில் மாட்டிக்கொண்டு கிடக்கும். இந்த ஒரு பேரினத்தில் மட்டும் சுமார் 200 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால் பார்த்தவுடன் புதுசு என்று சொல்லிவிட முடியாது. சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் பதித்து, கொக்கியை அளந்து, புழு உடலின் ஒரு கண்டத்தில் (துண்டில்) எத்தனை விந்தகங்கள், சூலகம் எந்த வடிவம், இனப்பெருக்கத் துளை எங்கே என்று பார்த்து, ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சில புழுக்களை எரிசாராயத்தில் தனியாக வைத்து மரபணுவும் பார்ப்பார்கள். அப்புறம் ஒரே ஒரு புழுவை மூலமாதிரியாக (அந்தப் பெயருக்கான அடையாள மாதிரியாக) குறித்து அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, விவரத்தை வெளியிட்டால்தான் பெயர் செல்லும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது திருக்கையின் அடையாளத்தைத்தான். இந்தப் புழுக்களில் பல, ஒரே ஒரு வகைத் திருக்கையில் மட்டுமே வாழும். 2016-இல் கொட்டும் திருக்கைகளின் வகைப்பாட்டையே பெரிதாகத் திருத்தினார்கள், பல பழைய பெயர்கள் மாறிவிட்டன. வெறும் ‘புள்ளித் திருக்கை’ என்று எழுதி வைத்தால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். திருக்கையை மேலும் கீழும் படம் எடுத்து, சதைத் துண்டு ஒன்றும் எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள் புழு புதுசாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் காரைக்குடிக்கு ஐஸில் வந்து சேர்வதற்குள் புழு நைந்துபோகும், கொக்கிகூட உதிர்ந்துவிடலாம். உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் விடியற்காலையில் தொண்டிக்குப் போய், படகிலிருந்து இறங்கும் திருக்கையின் குடலைக் கேட்டு வாங்குங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் அங்கேதான் இருக்கிறது, குடலை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய் விசாரியுங்கள்.