வாசகர் கேள்வி – பதில்: காரில் ஹை-ரெஸ் ஒலியும் சரவுண்டும்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், காருக்குள் இசை கேட்பது பற்றியவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி (வைட்ஃபீல்ட் வாசகர்): 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பாடல்கள் தரும் இசைச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். போனைப் புளூடூத்தில் இணைத்துக் காரில் கேட்கிறேன். பழைய எம்பி3 பாடல்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குறை என் காதிலா, காரிலா?

பதில்: காதைச் சந்தேகிக்க வேண்டாம். செயலியிலிருந்து போனுக்கு எவ்வளவு உயர்ந்த தரத்தில் பாடல் வந்து சேர்ந்தாலும், போனிலிருந்து காருக்குப் போகும்போது புளூடூத் அதை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. சி.டி.யின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். நீங்கள் சந்தா கட்டிய 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, சுருக்கப்படாத நிலையில் 9,216 கிலோபிட். புளூடூத்தில் இசை அனுப்பும் கருவிகள் அனைத்திலும் கட்டாயமாக இருக்கும் எஸ்.பி.சி. என்ற சுருக்க முறையோ 328 கிலோபிட் அளவிலேயே நின்றுவிடுகிறது. சோனியின் எல்டாக் முறை 990 கிலோபிட் வரை கொண்டுபோகும் என்றாலும், அதைப் போன், கார் இரண்டும் ஏற்க வேண்டும். ஐபோன்களில் அது கிடையாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் கார்பிளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகக் கேட்பது. கம்பியில்லாக் கார்பிளேயும் கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இசையை வைஃபை மூலமாகவே அனுப்புகின்றன என்பது பலருக்குத் தெரியாது. அவையும் வெறும் புளூடூத்தை விட மேல். செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, மொபைல் டேட்டாவில் ஓடும்போது என்ன தரம் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். பல செயலிகள் டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காக அங்கே தரத்தைக் குறைத்தே வைத்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு சி.டி. தரத்துக்கும் அதற்கு மேலான ஹை-ரெஸ் தரத்துக்கும் காரில் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலும் தெரியாது என்பதே என் பதில். அமைதியான அறையிலேயே இது விவாதத்துக்கு உரிய விஷயம். மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் 2007ஆம் ஆண்டு ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் தட்டின் ஒலி எது, அதையே சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலி எது என்று 554 முறை கேட்டபோது, சரியான விடைகள் பாதியைத் தாண்டவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். பின்னர் 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ், இத்தகைய 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், சரியான விடைகளின் விகிதம் 52.3 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. வித்தியாசம் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மிகச் சிறியது.

அந்தச் சிறிய வித்தியாசத்தைச் சாலை விழுங்கிவிடுகிறது. ஓடும் காருக்குள் இரைச்சல் பொதுவாக 60 முதல் 70 டெசிபல் வரை இருக்கிறது. நகரத்துச் சாலைகளைக் கான்கிரீட்டாக்கும் ஒயிட் டாப்பிங் வேலை முடிந்த இடங்களில் டயர் எழுப்பும் ஓசையை நீங்களே கவனித்திருப்பீர்கள். 16 பிட் ஒலியே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்கக்கூடியது. இரைச்சலுக்கு மேலே, காதை உறுத்தாத அளவுக்குள், நமக்குக் கிடைக்கும் இடைவெளியோ 30 டெசிபல் இருந்தால் அதிகம்.

கேள்வி (கோரமங்களா வாசகி): மின்சார கார் வாங்கப் போகிறோம். உயர் வேரியன்ட்டில் 16 ஸ்பீக்கர்களும் டால்பி அட்மாஸும் உண்டு என்கிறார்கள். என் கணவர் அதுதான் வேண்டும் என்கிறார். எனக்கோ வெறும் விளம்பரமாகப் படுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: தம்பதியருக்கு நடுவே தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, ஆனால் விஷயத்தைச் சொல்லலாம்.

காருக்குள் சரவுண்ட், அதாவது நம்மைச் சுற்றிலுமிருந்து ஒலிக்கும் இசை, புதிய எண்ணம் அன்று. நான்கு சேனல் ஒலி கொண்ட கேசட் போன்ற கார்ட்ரிட்ஜ்களை 1970இலேயே அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது. ஹோண்டாவின் அகுரா டி.எல். காரின் 2004 மாடலில், டி.வி.டி.-ஆடியோ தட்டுகளை 5.1 சேனலில், அதாவது ஐந்து சேனலும் ஒரு பேஸ் சேனலுமாக, ஒலிக்கும் எட்டு ஸ்பீக்கர் அமைப்பை, ஒலிப்பதிவுப் பொறியாளர் எலியட் ஷைனரின் மேற்பார்வையில் பானசோனிக் செய்து பொருத்தியது. கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஆயினும் அந்தத் தட்டுகள் கடைகளில் நிலைக்கவில்லை. போட்டுக் கேட்கப் பாடல் இல்லாதபோது நல்ல அமைப்பால் என்ன பயன்?

இன்று நிலைமை மாறியிருப்பது இந்த ஓரிடத்தில்தான். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில், டால்பியின் சரவுண்ட் முறையான அட்மாஸில் பாடல்களைத் தரத் தொடங்கிய பிறகு, தட்டு எதுவும் வாங்காமலே சரவுண்ட் இசை வீட்டுக்கும் காருக்கும் வருகிறது. இந்தியாவில் மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களில் 16 ஸ்பீக்கர் ஹார்மன் கார்டன் அமைப்போடு அட்மாஸ் வந்தது. 2025இல் டாடாவின் ஹாரியர் மின்சார காரிலும், மாருதியின் விக்டோரிஸிலும்கூட வந்துவிட்டது; விக்டோரிஸில் இருப்பவை எட்டு ஸ்பீக்கர்களே.

பழைய 5.1 முறையில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனிச் சேனல் இருந்தது. அட்மாஸில் மிருதங்கம் எங்கே, குரல் எங்கே, கோரஸ் எங்கே என்ற இடக்குறிப்பும் ஒலியோடு சேர்ந்து வருகிறது. எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைக் காரில் உள்ள கணினி அப்போதைக்கு அப்போது கணக்கிட்டுக்கொள்கிறது. காரின் ஸ்பீக்கர்கள் ஸ்டுடியோவில் இருப்பதுபோல் ஒழுங்கான இடங்களில் இருப்பதில்லை என்பதால், இந்த முறை காருக்கு மிகவும் பொருந்துகிறது. ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் சுருக்கப்பட்ட ஒலிதான், 768 கிலோபிட் அளவிலானது. அதாவது அது ஹை-ரெஸ் அன்று. இருந்தும், சாலை இரைச்சலுக்கு நடுவே கூடுதல் பிட்டுகள் தொலைந்துபோகின்றன, குரல் எதிரிலும் வாத்தியங்கள் சுற்றிலும் நிற்கும் உணர்வு தொலைவதில்லை. இரண்டில் ஒன்றுக்குப் பணம் கொடுப்பதானால் நான் சரவுண்டுக்கே கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. நம் மொழிப் பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோவில் மட்டுமே கலவை செய்யப்பட்டவை. அவற்றைப் போட்டால், கார் அந்த இரண்டு சேனலையே பிரித்துப் பரப்பிக் காட்டும். சில பாடல்களில் அது இனிக்கும், சிலவற்றில் பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். எனவே நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாடல்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எத்தனை அட்மாஸில் கிடைக்கின்றன என்று செயலியில் தேடிப் பாருங்கள். அந்த அட்மாஸ், காரிலேயே உள்ள செயலியில் மட்டும் வேலை செய்கிறதா, போன் வழியாகவும் வருகிறதா என்று ஷோரூமில் கேட்டு, டெஸ்ட் டிரைவின்போது உங்கள் பாடலையே ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்திவைத்த காரில் அவர்கள் போடும் மாதிரிப் பாடல் எல்லாக் காரிலும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி (ஜெயநகர் வாசகர்): என்னுடையது பழைய ஹேட்ச்பேக். ஜே.சி. ரோட்டுக் கார் ஆடியோ கடைகளில் விசாரித்தபோது, ஹை-ரெஸ் முத்திரை உள்ள ஆண்ட்ராய்டு ஸ்கிரீனும் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபரும் போட்டால் போதும் என்றார்கள். அளவான பட்ஜெட்டில் எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் செலவு முன் கதவுகளுக்கு.

கதவில் பொருத்தும் ஸ்பீக்கருக்குப் பெட்டி என்று தனியாக எதுவும் இல்லை. கதவின் தகடுதான் பெட்டி. அந்தத் தகடு அதிர்ந்தாலோ, உட்புறத் தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்புற ஒலி கசிந்து முன்புற ஒலியை அழித்தாலோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் வலுவிழந்தே ஒலிக்கும். அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெளித்தகட்டில் ஒட்டி, உட்புற ஓட்டைகளையும் மூடிவிட்டால், பழைய ஸ்பீக்கரிலேயே பேஸ் உறுதியாவதைக் கேட்கலாம். ஆனால் கதவின் அடியில் மழைநீர் வடிவதற்காக விடப்பட்ட துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்க விடாதீர்கள். பெங்களூரு மழைக்கு ஒரே வருடத்தில் கதவு துருப்பிடிக்கும்.

அடுத்தது, உயர் ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக உள்ள நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, முன்னால் மட்டும். கண்ணாடியோரத் தூணில் ஏர்பேக் உள்ள காரானால், ட்வீட்டரை அந்தத் தூணின் மூடியில் பொருத்தக் கூடாது. ஏர்பேக் விரியும்போது அது முகத்தில் பாயலாம்.

மூன்றாவது, டி.எஸ்.பி. எனும் ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் சிப் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபையர். இதுதான் என் பார்வையில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது. நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலது ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் இடது ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், வலதின் ஒலி இடதை விட ஏறத்தாழ 1.5 மில்லிநொடி முன்னதாகக் காதுக்கு வருகிறது. முதலில் வந்த ஒலி எந்தத் திசையோ அங்கேயே பாடகர் இருப்பதாக நம் மூளை முடிவு செய்துகொள்ளும். அதனால்தான் பாடகர் எப்போதும் வலது முழங்காலருகில் பாடிக்கொண்டிருக்கிறார். வலது ஸ்பீக்கரை அதே 1.5 மில்லிநொடி தாமதித்து ஒலிக்கச் செய்தால், அவர் எழுந்து டாஷ்போர்டின் நடுவே வந்து நிற்பார். டைம் அலைன்மென்ட் என்பது இவ்வளவே. இதில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குப் பாடகர் நிற்கும் இடம் இன்னும் கோணலாகும் என்பதால், ஓட்டுநருக்கு ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

சப்வூஃபர் அதற்குப் பிறகு போதும். சிறிய மூடிய இடத்தில் தாழ்ந்த ஒலி தானாகவே வலுப்பெறும். ஆகவே சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குலமே ஹேட்ச்பேக்குக்குத் தாராளம். ஸ்கிரீனின் அட்டையில் '50 வாட் x 4' என்று இருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தருவது அதில் பாதிக்கும் குறைவு. ஹை-ரெஸ் முத்திரை, 40 கிலோஹெர்ட்ஸ் வரை அந்தக் கருவி வேலை செய்யும் என்பதற்கான அடையாளம். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்.

ஒயரிங் வேலையின்போது கூடவே நில்லுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டே இணைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் கம்பியில், பேட்டரிக்கு வெகு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் போன்ற ஓசை ஏறினால், பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். பணம் கொடுப்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி வாசகர்): ரிங் ரோட்டில் தினமும் நீண்ட நேரம் சத்தமாகப் பாட்டுக் கேட்கிறேன். காதுக்குக் கெடுதலா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது, மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். போனில் உள்ள அளவுமானிச் செயலியால் தோராயமாக அளந்து பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது, ஓடும்போது வைத்த வால்யூமைக் குறைக்க மறந்துவிடுவதே பெரும்பாலானோர் செய்வது.

கேள்வி (அல்சூர் வாசகர்): பழைய தமிழ்ப் பாடல்கள் '24 பிட் ஃபிளாக்' என்று ஒரு பென் டிரைவில் நண்பர் தந்தார். அவை உண்மையானவையா? சில பாடல்கள் காரில் ஓடவும் மறுக்கின்றன.

பதில்: எம்பி3 பாடலை, ஒலியை இழக்காமல் சுருக்கும் கோப்பு வகையான ஃபிளாக்கில் 24 பிட்டாக மாற்ற ஒரு நிமிடம் போதும், போன ஒலி திரும்பி வராது, கோப்பின் எடை மட்டும் கூடும். கணினியில் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாடலைத் திறந்து, ஒலி எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது என்று காட்டும் படத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் எல்லாம் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்தது. பழைய நாடாப் பதிவுகளில் உயர் ஒலிகள் இயல்பாகவே மெல்ல மங்கும். அது வேறு, இந்த வெட்டு வேறு.

ஓடாமைக்குக் காரணம், பென் டிரைவின் ஃபார்மட்டாகவோ கோப்பின் தரமாகவோ இருக்கலாம். பல கார்கள் ஃபேட் 32 என்ற ஃபார்மட்டை மட்டுமே படிக்கும். சில, ஃபிளாக்கைப் படித்தாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்பதில்லை. ஐந்து நிமிடப் பாடல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 100 எம்.பி.; சி.டி. தர ஃபிளாக்கில் 30 எம்.பி. சொச்சம். காருக்கென்று தனிப் பென் டிரைவில் சி.டி. தரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகள் வீட்டுக் கணினியில் இருக்கட்டும்.