கறிக்கோழி வயிற்றில் நீர்: முதலில் படுதாவைப் பாருங்கள்

கேள்வி: உடுமலைப் பக்கம் 4,000 கறிக்கோழி வளர்க்கிறேன். வயது 29 நாள். மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் ஏழெட்டு சாகிறது, அதுவும் நல்ல எடை வந்தவை. கொண்டை நீலமாகிறது, வயிற்றை அறுத்தால் மஞ்சள் நீர் கொட்டுகிறது. கடைக்காரர் கொடுத்த கல்லீரல் டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. வேறு என்ன மருந்து தரலாம்?

பதில்: நீர் கோத்த கோழியைத் தேற்ற மருந்து இல்லை. அந்த டானிக் விற்பவர் கல்லாவுக்குத்தான் நல்லது. நீர் கசிவது கல்லீரலிலிருந்துதான். ஆனால் கோளாறு தொடங்குவது நுரையீரலில். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் மற்ற ரத்தக் குழாய்கள் விரியும், நுரையீரலில் மட்டும் சுருங்கும். கோழி நுரையீரலோ விலாவோடு ஒட்டிக் கிடப்பது, விரிந்து கொடுக்காது. சுருங்கிய குழாயில் ரத்தத்தைத் தள்ளியே இதயத்தின் வலது கீழறை தடித்து, பிறகு தொய்ந்து, வால்வு மூடாமல் போகிறது. ரத்தம் கல்லீரலில் தேங்குகிறது. செத்த கோழியின் இதயத்தைக் குறுக்கே வெட்டினால் வலப்பக்கம் பெருத்துத் தொளதொளவென்றிருக்கும்.

வேகமாக வளரும் கோழிக்கு ஆக்சிஜன் தேவை அதிகம், குளிர் அதை இன்னும் கூட்டும். அந்த நேரம் பார்த்து நாம் படுதாவைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டுகிறோம்! குஞ்சுப் பருவத்தில் கரி அடுப்பும் வைத்திருந்தால் அதன் புகை வேறு. இன்று சாகும் கோழிக்குப் பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே விழுந்திருக்கும்.

படுதாவின் அடியைக் குட்டைச் சுவரோடு கட்டிவிடுங்கள். மேலிருந்து கீழே இறங்குமாறு கயிறு போடுங்கள். கீழிருந்து சுருட்டும் படுதா வேண்டவே வேண்டாம், குளிர்காற்று நேராகக் கோழி மேல் அடிக்கும். காற்று வீசாத பக்கத்தில் கூரையடியில் ஓரடி இடைவெளி இரவு முழுக்க இருக்கட்டும். விடிகாலை நாலு மணிக்குக் கொட்டகைக்குள் குந்தி உட்காருங்கள், நின்றால் தெரியாது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவால் கண் எரிந்தால் இடைவெளி போதாது, கூளமும் (தரையில் பரப்பிய படுக்கை) ஈரம். ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த நார்க்கழிவு போடுங்கள். வெப்பம் குறைந்தால் புரூடரை (சூடு தரும் அடுப்பு அல்லது விளக்கு) கூட்டுங்கள், படுதாவை ஏற்றி இடைவெளியை மூடாதீர்கள்.

போர்த் தண்ணீரில் சோடியம் எவ்வளவு என்று சோதியுங்கள். உப்புத் தண்ணீரில், உப்புகள் அடங்கிய எலக்ட்ரோலைட் பொடியும் கலந்தால் நோய் முற்றும். அடுத்த பேட்சில் வளர்ச்சி வேகம் சற்று மட்டுப்பட, 8 முதல் 20 நாள் வரை இரவில் ஆறு மணி நேரம் விளக்கை அணையுங்கள். எடை குறையும் என்று ஒப்பந்தக் கம்பெனி சூப்பர்வைசர் முணுமுணுப்பார். தினமும் ஏழெட்டுக் கோழியைக் குழியில் போடுவது எந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள்.