பழைய மாருதி 800 அடிக்கடி சூடாகிறது, ரேடியேட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

மன்னார்குடியில் கிளம்பி தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது, மெக்கானிக் புது ரேடியேட்டர் போடச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் வண்டி நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அப்புறம் ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். நம் பக்கம் அறுவடை சமயத்தில் சாலையிலேயே நெல் காயும், வைக்கோல் தூசி பறக்கும். அதெல்லாம் தகடுகளுக்கிடையே அப்பிக்கொண்டால் காற்று எப்படிப் போகும்? இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். என் வண்டிக்கு அதுவே போதுமாக இருந்தது.

உள்ளே போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். டிஸ்டில்டு வாட்டரும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சரிபாதி ஊற்றுங்கள். கொதிநிலை உயரும், துருவும் குறையும்.

வண்டி நிற்கும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் ஃபேன் ஃப்யூஸைப் பாருங்கள். சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. கொதிக்கும் நீரில் போட்டும் அது திறக்காவிட்டால் புதிது மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதை வீட்டில் தொடாதீர்கள், வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள்.