வந்தான், வந்தாள், வந்துச்சு: குயர் மிகுபுனைவு பற்றிச் சில சீட்டுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடி, படித்த கதையையும் எழுதிய கதையையும் பேசுவோம். பேய், வேற்றுக்கிரகம், வருங்காலம் என்று போகும் மிகுபுனைவுக் கதைகளில், ஆண்-பெண் என்ற வழக்கமான கட்டத்துக்குள் அடங்காத பால்புதுமையினர் (குயர்) வருவதைப் பற்றி இந்த முறை கேள்விகளைச் சீட்டில் எழுதி முறுக்கு டப்பாவில் போடச் சொல்லியிருந்தேன். சில சீட்டில் என்னை ‘அக்கா’ என்றும் சிலதில் ‘அண்ணா’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் திருத்தவில்லை.

இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்னு என் மாமா சொல்றாரு. எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கிறது? (பெரம்பூர்)

மாமாவிடம் 1872 என்று சொல்லுங்கள். அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ தொடராக வந்து முடிந்த வருடம். ரத்தம் குடிக்கும் ஒரு பெண். அவள் மையல் கொள்வதும் பெண்ணிடம்தான். டிராகுலா வந்தது அதற்கு 25 வருடம் கழித்து. கடைசியில் கார்மில்லாவை முளை அடித்து, தலை வெட்டி, எரிக்கிறார்கள். ஆசைப்பட்டவளைக் கொன்றுதான் கதையை முடிக்க வேண்டும் என்ற வியாதி அப்போதே இருந்திருக்கிறது. நீங்களும் எழுதும்போது அதை நினைவில் வையுங்கள். போன மாதம் இங்கே வாசித்த ஐந்து கதைகளில் நாலில் தற்கொலை.

படிக்க ஆரம்பிக்க என்னைக் கேட்டால் அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’. பனி உறைந்த ஒரு கிரகம். அங்குள்ளவர்கள் மாதத்தில் சில நாள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். யார் வேண்டுமானாலும் பிள்ளை பெறலாம். ராஜாவே கர்ப்பமாக இருப்பார். லெ குவின் எங்கே சறுக்கினார் என்பதை அடுத்த சீட்டில் சொல்கிறேன்.

என் கதையில ஒரு ஆளு, ஆணும் இல்ல பொண்ணும் இல்ல. வினைமுற்றை எப்படி முடிக்கிறது? (வியாசர்பாடி)

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான்.

லெ குவின் அந்த மக்கள் எல்லோரையும் ஆண்பாலில்தான் சுட்டினார். படிப்பவர் மனதில் எல்லோருக்கும் மீசை முளைத்துவிட்டது. பிறகு அவரே அதை ஒத்துக்கொண்டார். அதே கிரகத்தில் நடக்கும் ஒரு சிறுகதையை 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோருக்கும் பெண்பால் போட்டார், ராஜா என்ற பட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. 2013இல் ஆன் லெக்கி ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ நாவலில் பால் பார்க்காமல் எல்லோரையும் பெண்பாலிலேயே சொன்னார்.

ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. நமக்கு வினையின் வாலிலும் பால் தொங்குகிறது. பழைய ஆட்களுக்கும் இது தெரியும். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு கிடையாது, ‘இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே’ என்கிறது தொல்காப்பியம். நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது: பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால், இரண்டையும் அஃறிணை போலவும் சொல்லலாம். அந்த ‘அவாவுவ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பால் பிரிக்க நன்னூல்காரர் பார்த்தது ஆசையை.

அஃறிணை என்றதும் கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் நம் தெருவில் ‘அக்கா வந்துச்சு’, ‘அந்தப் புள்ள அழுதுச்சு’ என்றால் அது செல்லம். அதே ‘அது’வை டீக்கடை வாசலில் ஒரு திருநங்கையைக் காட்டிச் சொன்னால் செருப்படி. அதனால் ‘வந்துச்சு’வைக் கதைசொல்லியிடம் கொடுக்காதீர்கள், பாட்டி வாயில் கொடுங்கள்.

‘அவர்’ போட்டால் தீர்ந்தது என்பீர்கள். அதில் மரியாதையும் ஒட்டிக்கொண்டு வரும். வலை பின்னும் 18 வயது ஆளுக்கு நான் ‘அவர் வந்தார்’ என்று எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியில் 27 இடத்தில் சிவப்பு மையில் ‘அவள்’. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘சின்னப் பெண்தானே, எதற்கு ஆர் விகுதி?’ கதையில் எங்கேயும் பெண் என்று நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதையைத் தன்மையில் மாற்றி எழுதினேன். ‘வந்தேன், வலையை உதறினேன்’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்தியில் எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. ‘நான் போகிறேன்’ என்றாலே வினை காட்டிக் கொடுத்துவிடும். நமக்குக் காட்டிக் கொடுப்பது ‘டா’வும் ‘டி’யும்தான். பொண்ணுங்களே தங்களுக்குள் ‘டா’ போட்டுக்கொள்வதால் அதுவும் இப்போது நம்பகமான சாட்சி இல்லை. படர்க்கையில்தான் எழுதுவேன் என்றால் ‘வந்த ஆள்’, ‘தான்’, ‘தன்’ என்று கொஞ்ச தூரம் ஓட்டலாம். நாலு பக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கும்.

கூவாகத்தை வச்சு ஃபேன்டஸி எழுதலாமா? (புளியந்தோப்பு)

எழுதலாம். ஆனால் கிருஷ்ணன் மோகினியாகி அரவானைக் கட்டிய இரவை எல்லோரும் எழுதிவிட்டார்கள். தாலி அறுத்த மறுநாள் மோகினி எந்த உடம்போடு போர்க்களத்துக்குத் திரும்பினாள் என்று எழுதுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

வீட்ல நோட்ட எடுத்துப் படிச்சிட்டா? (பேர் வேணாம்)

‘பேய்க்கதைமா’ என்று சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லவில்லை. இந்த வகைக் கதைக்குள் எத்தனையோ பேர் இப்படித்தான் ஒளிந்திருக்கிறார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி பேயாக இருந்தால் அம்மாவின் கவலை பேயைப் பற்றித்தான் இருக்கும். நிஜப் பெயர், நிஜத் தெரு, தேதி மூன்றும் நோட்டில் வேண்டாம். புனைபெயர் வைக்கக் கூச்சப்படாதீர்கள். ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் பல வருடம் எழுதினார். அந்த எழுத்து ஆணுடையதாகத்தான் இருக்க முடியும் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. 1977இல்தான் குட்டு உடைந்தது.

2090இல் கொடுங்கையூர். பறக்கும் ஆட்டோ, குப்பை மேட்டைத் தின்னும் எந்திரம், கூடவே இரண்டு பெண்கள் நடத்தும் குடும்பம். என்ன குறை? (கொடுங்கையூர்)

ஆஸ்பத்திரிக் காட்சி. உங்கள் ரோபோ நர்ஸ் படுத்திருப்பவளிடம் ‘கணவர் பெயர்?’ என்று கேட்கிறது, அவளும் பதிலுக்கு ஏதோ மழுப்புகிறாள். ஆட்டோவைப் பறக்க வைத்த நீங்கள் அந்தப் படிவத்தை இன்றைய படிவமாகவே விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றே விட்டிருந்தால் சபாஷ், ஆனால் அப்படித் தெரியவில்லை. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் வயது வந்த தன்பாலினத்தவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17இல் அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2090க்குள் இது என்ன ஆனது என்று முதலில் நீங்கள் முடிவு பண்ணுங்கள். கதையில் விளக்க வேண்டாம். ரோபோ கேட்கும் அந்த ஒரு கேள்வி மாறினால் போதும்.

ரெண்டு பசங்க, எண்ணூர் கழிமுகம், பேசுற மீனு. ஆரம்பமே வரலண்ணா. (எண்ணூர்)

தம்பி, முதல் மூன்று பக்கத்தைக் கிழிச்சிடு. மீன் தத்துவம் பேசுது, யார் கேக்கிறது? நாலாம் பக்கத்தில் ஒரு இடம் வச்சிருக்க. சாம்பல் கலந்த சேத்துத் தண்ணியில் கழுத்தளவு நின்னு ரெண்டு பேரும் கையாலேயே இறால் தடவுறாங்க. அடியில் ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் விரல் இன்னொருத்தன் விரலை இறால்னு நினைச்சுப் புடிக்குது. புடிச்சவனும் விடல, மாட்டினவனும் இழுக்கல. அங்கேர்ந்து ஆரம்பி. மீனு ஆறாம் பக்கம் வரட்டும். வந்தாலும் ரொம்பப் பேச வேணாம்னு சொல்லிவை.