ரெங்கம் மேட்டு மண்ணில் மழைநீர் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள ரெங்கத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இரண்டு ஏக்கர் சரிவு நிலத்தில் வெண்டை, மிளகாய், வாழை பயிரிடுகிறேன். களைக்கொல்லி அடித்து நிலத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். பெரிய மழை பெய்தாலும் தண்ணீர் செந்நிறமாக ஓடிவிடுகிறது. சில நாள் வெயில் அடித்தால் செடிகள் வாடிவிடுகின்றன. யூரியாவும் கலப்பு உரமும் போட்டும் இலைகள் வெளிறியே இருக்கின்றன. மண்புழுவையே காணோம். பொந்தியானில் அன்னாசி பயிரிடும் என் மைத்துனர், அங்குள்ள கறுப்பு மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டச் சொல்கிறார். ஆற்று மணல் கலந்தால் போதும் என்கிறார் வேறொருவர். எதைச் செய்வது?

பதில்: ஐயா, இரண்டையும் செய்ய வேண்டாம். லாரிக்குக் கொடுக்கவிருக்கும் பணத்தைச் சுண்ணாம்புத்தூளுக்கும் மக்கும் பொருளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடுவது, செடி வாடுவது, இலை வெளிறுவது, புழு இல்லாதது என்று நீங்கள் தனித்தனியாக எழுதியுள்ள குறைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தில் வந்து சேர்கின்றன. உங்கள் மேல்மண் தன்னிடமிருந்த கரிமப் பொருளை, அதாவது செடி, உயிர்களின் மக்கிய எச்சத்தை, இழந்துவிட்டது.

உங்கள் வட்டாரத்து மேட்டு நிலங்களில் கருங்கல் பாறை சிதைந்து உருவான மண் பரவலாக உண்டு. மண் ஆய்வாளர்கள் அதற்கு உங்கள் ஊர்ப் பெயரையே வைத்து ரெங்கம் வகை என்கிறார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை நெடுங்காலமாகச் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போனதால், இம்மண்ணில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் குவார்ட்சு மணலும், கயோலினைட்டு என்னும் களியும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான். கயோலினைட்டு பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை மிகக் குறைவாகவே பிடித்து வைக்கும். மக்கிய கரிமப் பொருளோ அதே எடைக்கு அதைப்போல் பல மடங்கு பிடிக்கும். எனவே இத்தகைய மண்ணில் மக்கு குறைந்துவிட்டால், நீங்கள் போடும் உரத்தில் பெரும்பகுதி அடுத்த மழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும் அல்லது சரிவில் வழிந்துவிடும். உரத்தின் அளவைக் கூட்டினால் இழப்பும் கூடும்.

தண்ணீரின் கதையும் இதே கரிமத்தைச் சார்ந்ததுதான். வேர்களும் பூசண இழைகளும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசைப் பொருள்கள் மண் துகள்களை உருண்டைகளாக ஒட்டி வைக்கின்றன. அவ்வுருண்டைகளுக்கு இடையிலுள்ள பெரிய துளைகள் வழியே மழைநீரும் காற்றும் இறங்குகின்றன, உருண்டைகளுக்கு உள்ளே இருக்கும் சிறு துளைகள் வெயில் நாளுக்கான ஈரத்தைச் சேமிக்கின்றன. மூடாக்கு இல்லாத தரையில் மழைத்துளி நேராக அறையும்போது உருண்டைகள் உடைந்து, நுண்ணிய களி மேலே படிந்து துளைகளை அடைத்துவிடும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பாதி வழிந்தாலும் ஒரு லட்சம் லிட்டர் உங்கள் செடிகளுக்குக் கிடைக்காமல் போகிறது. அந்தத் தண்ணீரின் சிவப்பு நிறம் உங்கள் மேல்மண்ணின் நிறம்தான். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: இருபுறமும் திறந்த பால் டின் ஒன்றை வெறுந்தரையில் சிறிது அழுத்தி, அளந்த தண்ணீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே சோதனையைச் சருகு மூடிய வாழைத் தூருக்கு அருகிலும் செய்து பாருங்கள்.

மண்புழு வராததற்கு முதற்காரணம் உணவில்லாமைதான். நம் நாட்டு வெப்பத்தில் நுண்ணுயிர்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்து கரிமத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், மக்கும் பொருளை ஒருமுறை போட்டுவிட்டு ஓய முடியாது. நிலம் துடைத்தாற்போல் இருக்க வேண்டும் என்னும் தோட்டத்துப் பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று உங்களை வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன். லாலாங் போன்ற முரட்டுக் களைகளை மட்டும் அகற்றி, மெல்லிய சிறு செடிகளை வெட்டி அங்கேயே பரப்புங்கள்.

பொந்தியான் கறுப்பு மண் சதுப்பில் உருவான கரி மண். நீர் நிறைந்து காற்றுப் புகாத நிலையில் தாவர எச்சங்கள் முழுவதும் மக்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டானது அது. அதைத் தோண்டி உங்கள் மேட்டில் பரப்பினால், காற்று பட்டு அதன் கரிமம் சிதைந்து வாயுவாகப் போய்விடும். முற்றிலும் காய்ந்துவிட்டால் அது மறுபடி தண்ணீரை ஏற்கவும் மறுக்கும். அதன் புளிப்பும், அதாவது அமிலத்தன்மையும், மிக அதிகம், அன்னாசி அதைத் தாங்கும், வெண்டை தாங்காது. மணலோ உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் மண்ணிலும் புளிப்பு உண்டு. இவ்வகை மண்ணில் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 4 முதல் 5 வரை இருக்கும். 5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் குட்டையாக்குவதால், கீழே ஈரம் இருந்தும் செடி அதை எட்ட முடிவதில்லை. மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பிணைத்துக்கொள்கின்றன. ஜி.எம்.எல். எனப்படும் மக்னீசியச் சுண்ணாம்புத்தூளைப் பரிசோதனை முடிவின்படி இட்டு 5.5-க்கு மேல் கொண்டுவந்தால் போதும். அதை யூரியாவுடனோ கோழி எருவுடனோ ஒரே சமயத்தில் போடாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

மூடாக்குக்கு அருகிலுள்ள தோட்டத்தின் செம்பனை மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குங்கள். ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் மிக நல்லது, அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். இவை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், மண்ணுக்குள் புதைக்காமல் மேலேயே வைத்து, நன்கு மக்கிய கோழி எருவைச் செடியின் அருகே இடுங்கள். பயிரில்லாத பாத்தியைத் தட்டைப்பயறு விதைத்து மூடுங்கள். தோட்டங்களில் தரையை மூட வளர்க்கும் முக்குனா கொடி செம்பனைக்கு ஏற்றது, உங்கள் வாழையில் ஏறி அமுக்கிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன், நிலத்தின் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, அண்மையில் உரமிட்ட இடங்களைத் தவிர்த்து, ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, குளுவாங் விவசாயத் துறை அலுவலகத்தை அணுகிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். புளிப்பு, கரிமம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, அம்முடிவை எனக்கு அனுப்பினால், சுண்ணாம்பின் அளவை ஏக்கர் கணக்கில் எழுதித் தருகிறேன்.